பன்னிரண்டு மணிச் சோறு எத்தனை மணிக்கு வெந்தது?

பெறுநர்: சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சமைத்து அனுப்பும் கேட்டரிங் உரிமையாளர்கள்
நகல்: அந்தச் சாப்பாட்டுக்கு ஒப்பந்தம் போடும் கம்பெனி முதலாளிகள்

வணக்கம்.

உங்களில் பலர் தமிழர்கள். சிலர் எங்களைப் போலவே வேலை பெர்மிட்டில் வந்து, லாரியில் போய், அப்புறம் சொந்தமாக அடுப்பு வைத்தவர்கள். அதனால் ஆங்கிலத்தில் புகார் மனு தயார் செய்யாமல் தமிழிலேயே எழுதுகிறேன். நான் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சாரம் சரியாகக் கட்டியிருக்கிறதா, மேலே ஏறுகிறவர் பெல்ட் மாட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. சோற்றைப் பற்றிப் பேச உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஒரு மதியப் பொட்டலத்தின் பயணம். உங்களுக்குத் தெரியாதது இல்லை. நகல் வாங்குகிற முதலாளிகளுக்காக எழுதுகிறேன். இரவு பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு உலை ஏறுகிறது. ஒன்றரை, இரண்டுக்குச் சோறு தயார். ஆவி அடங்குவதற்குள் பிளாஸ்டிக் பூச்சு போட்ட பழுப்புத் தாளில் அள்ளி வைத்து, மடித்து, ரப்பர் பேண்ட் மாட்டியாகிவிட்டது. சாம்பார் ஒரு சின்னப் பையில், கூட்டு இன்னொரு பையில், கொதிக்கக் கொதிக்க முடிச்சு. மூன்றரைக்கு வேன். நாலரை, ஐந்துக்கு விடுதி வாசல். காலைப் பசியாறலும் மதியச் சாப்பாடும் ஒரே நேரத்தில் கைக்கு வருகின்றன. ஆறு மணிக்கு லாரி, ஏழு மணிக்குத் தளம். தளத்தில் அந்தப் பை கன்டெய்னர் ஆபீசின் வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும், இல்லையென்றால் கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும். எறும்பு வரும், சில தளங்களில் எலியும் வரும். பன்னிரண்டு மணிக்கு ரப்பர் பேண்டைக் கழற்றும்போது சோறு வெந்து பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

சமைத்த சாப்பாட்டை வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதும் உணவுச் சுகாதார வகுப்பில் உங்கள் சமையல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். கல்யாண வீட்டு பஃபேக்கு நீங்கள் அனுப்பும் தட்டங்களில் ‘இத்தனை மணிக்குள் சாப்பிடவும்’ என்று நேரம் ஒட்டி அனுப்புகிறீர்கள். எங்கள் பொட்டலத்தில் அதே நேரத்தை ஒட்டினால் ‘காலை ஆறு மணிக்குள் சாப்பிடவும்’ என்று எழுத வேண்டிவரும். மதியச் சாப்பாட்டைக் காலை ஆறு மணிக்கு லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு யார் சாப்பிடுவது?

சோற்றில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி. அரிசியில் அதன் வித்துகள் இருக்கும், கொதிக்கும் உலையிலும் சாகாது. சோறு மெல்ல மெல்ல ஆறும்போது அந்த வித்து முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடுகிறது. அந்த நச்சு உருவாகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணியில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டுக்குச் சாப்பிட்டவருக்கு இரண்டு மணிக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அப்போது அவர் எட்டாவது மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நிற்கிறார். இதனால்தான் சோறு என் வேலைக்குள் வருகிறது.

‘ஊரில் பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே, பத்து மணி நேரச் சோற்றுக்கு என்ன இப்படி?’ என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், அதனால் பதிலையும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பழைய சோறு என்பது தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. அந்தத் தண்ணீரில் புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் வளர்ந்து, லாக்டிக் அமிலம் சுரந்து, மற்ற கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் செய்கின்றன. காலையில் கொஞ்சம் மோர், உப்பு, சின்ன வெங்காயம். அதில் தேங்காய் கிடையாது, கத்தரிக்காய் கூட்டு கிடையாது. நீங்கள் அனுப்புவது சூட்டோடு இறுக்கி மூடிய உலர்ந்த சோறும், பருப்பும் காயும் சேர்ந்த சாம்பாரும். மூடிய சூட்டில் வியர்த்து, அந்த ஈரத்திலேயே நொதித்து, பன்னிரண்டு மணிக்குப் பையை அவிழ்த்தால் சாம்பார் நுரை கட்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம்.

நம் ஆட்கள் வழிப்பயணத்துக்குச் சோறு கட்டியது இப்படி இல்லை. பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடந்து போகிறவர்கள் மூட்டையில் சாம்பார் சோற்றையா கட்டினார்கள்? புளிச்சோறு கட்டினார்கள். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயோடு பிசைந்து, ஆறிய பிறகுதான் இலையில் வைத்து மடிப்பார்கள். புளியின் அமிலத்தில் கிருமிகள் அவ்வளவு எளிதில் பெருகாது. தேங்காய் சேர்க்காமல் இருந்ததும் தெரிந்து செய்ததுதான். பகலில் இரண்டாவது வேன் அனுப்ப வழியே இல்லை என்கிறீர்களா, சரி, அதுவரைக்குமாவது மதியத்துக்குச் சாம்பாரையும் தேங்காய்க் கூட்டையும் நிறுத்திவிட்டுப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று மாற்றுங்கள். சூடாக மடிக்காமல் ஆறவைத்து மடியுங்கள். பிரச்சினை இதோடு தீர்ந்துவிடாது என்று எனக்கும் தெரியும். இன்று வருவதைவிடப் பல மடங்கு மேல்.

ஊசிப்போன சோற்றைக் குப்பையில் போட்டுவிட்டு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று ஒரு மதியம் வந்து பாருங்கள். பக்கத்துக் கடையில் ஒரு டின் எனர்ஜி டிரிங்க், ஒரு பன். இல்லையென்றால் பைக்குள் வைத்திருக்கும் மேகியைச் சுடுதண்ணீரில் போட்டுக் குடிப்பார். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியில் இருந்து பான டின்களில் ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் எழுத்து இருக்கிறது. 100 மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, இருப்பதிலேயே மோசமான எழுத்து. சாதாரண ஒரு கோலா டின்னில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. அந்த எழுத்தை எங்கள் ஆட்களுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் மதியச் சாப்பாட்டைத் தூக்கிப் போட்டவர், நான்கு மணி வரை கம்பி வளைக்க வேண்டியவர், டி என்று பார்த்து வைத்துவிட்டு வருவாரா? உடம்பு சர்க்கரையைத்தான் கேட்கும்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெப்ப விதிகளைக் கடுமையாக்கியது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உழைப்பு வேலை செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். நான் மீட்டர் பார்த்துக் குறித்து, விசில் அடித்து, தண்ணீர் குடிக்க வைக்கிறேன். வெறும் வயிற்றோடு அந்த நிழலில் வந்து உட்காருகிறவருக்குத் தலைசுற்றல் வெயிலால் வந்ததா பசியால் வந்ததா என்று எந்த மீட்டரும் சொல்வதில்லை.

இனி ‘ஆரோக்கியம்’ என்று எல்லோரும் எங்களிடம் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் மருத்துவ முகாம் நடக்கும். நல்ல பிள்ளைகள் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, ஒரு தாளும் கொடுப்பார்கள். அதில் வட்டமாக ஒரு தட்டு, பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு தானியம், கால் தட்டு மீன், கறி, பருப்பு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் படம் அது, தப்பே இல்லை. ஆனால் எங்களிடம் தட்டு இல்லை, பொட்டலம்தான். அதற்குள் எதை எவ்வளவு வைப்பது என்பது உங்கள் கரண்டியில் இருக்கிறது. அந்தத் தாளை எங்களுக்குக் கொடுப்பதற்குப் பதில் உங்கள் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னால் பிரயோசனமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பொட்டலத்தைப் பிரித்தால் முக்கால் பங்கு சோறு. ஒரு ஓரத்தில் முட்டைக்கோஸ், மறுநாள் உருளைக்கிழங்கு, அதற்கு மறுநாள் மறுபடி முட்டைக்கோஸ். கோழி என்ற பெயரில் முதுகெலும்பு. பருப்பைச் சாம்பாரில் தேட வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கும்போது இது உடம்புக்குத் தெரியாது, உழைப்பில் எரிந்துவிடும். நாற்பதை நெருங்கும்போது, அதுவும் மேற்பார்வையாளர் ஆகி நடமாட்டம் குறைந்த பிறகு, தெரிய ஆரம்பிக்கும். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-லேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அந்த உடல்வாகோடுதான் இங்கே வருகிறோம். வந்த இடத்தில் மூன்று வேளையும் மாவுச்சத்து.

மருந்து பக்கம் கொஞ்சம் சரியாகியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை ஆகிய துறைகளில் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி முதன்மைப் பராமரிப்புத் திட்டம் வாங்கியே ஆக வேண்டும். சர்க்கரை வந்துவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே பொட்டலத்தைத்தான் பிரிக்கிறார்.

‘பிடிக்காவிட்டால் நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள்’ என்பதும் அடிக்கடி காதில் விழுவது. முடிந்தவர்கள் செய்கிறார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து மெஸ் போட்டு, முறை வைத்துச் சமைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் பஃபலோ ரோட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கருவாடும் வாங்கிவந்து அவர்கள் வைக்கிற குழம்பு வாசம் நான்கு மாடிக்கு வரும். ஆனால் ஓவர்டைம் முடிந்து லாரி விடுதிக்கு வரும்போது மணி எட்டு, எட்டரை. குளிக்க வரிசை, துவைக்க வரிசை, அடுப்புக்கு வரிசை. பத்து மணிக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, நாலரைக்கு எழ வேண்டும். சில விடுதிகளில் சமையலறையே கிடையாது என்பது வேறு. சமைக்கிற மெஸ்காரர்களும் மறுநாள் மதியத்துக்கு இரவே சோறு கட்டி எடுத்துப் போகிறார்கள் என்றால், சிக்கல் அங்கேயும் மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய்? முதலாவதும் பெரியதும், மதியச் சாப்பாடு மதியத்துக்குச் சமைத்து வர வேண்டும். காலை எட்டு மணிக்கு உலை வைத்து, பத்தரைக்கு வேன் கிளம்பி, பதினொன்றே முக்காலுக்குத் தளத்து வாசலில் இறக்கினால் நான்கு மணிக் கணக்குக்குள் வந்துவிடும். சூடு காக்கும் பெட்டியில் வந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது வேன், இரண்டாவது டிரைவர், தளங்கள் துவாசில் ஒன்று சாங்கியில் ஒன்று என்று சிதறிக் கிடப்பது, எல்லாம் எனக்குப் புரிகிறது. அதனால் ஒரு கம்பெனிக்காக ஒரு வேன் என்று யோசிக்காதீர்கள். தெங்கா மாதிரி இடங்களில் அடுத்தடுத்துப் பத்து தளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் விடியற்காலையில் வேறு வேறு கேட்டரிங் பொட்டலம் வருகிறது. வட்டாரத்தை உங்களுக்குள் பிரித்துக்கொண்டால் ஒரே சுற்றில் ஒரு வேன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகலாம்.

முடியாது என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் ஒருமுறை நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகள் அடைக்கப்பட்டபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தோம். முதல் சில நாட்கள் குளறுபடி, ஆறிப்போன பொட்டலம், நேரம் தவறிய சாப்பாடு. அப்புறம் சரியானது. மதியச் சாப்பாடு மதியம் வந்தது, கூடவே ஒரு பழமும் வந்தது. அன்று விடுதிக்கு வந்த வேன் இன்று தளத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாதங்களில் அரசு கவனித்தது, பணம் கொடுத்தது, அதனால் நடந்தது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பணத்துக்கு வருகிறேன்.

பொட்டலத்துக்குள் என்ன மாற வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. பழுப்பரிசி அனுப்பாதீர்கள். ஆரோக்கியம் என்றதும் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது, எங்கள் ஆட்கள் அப்படியே கொட்டிவிடுவார்கள். நல்ல புழுங்கல் அரிசி போதும், டெல்டாக்காரர்கள் வீட்டில் சாப்பிடுவதே அதுதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது, பச்சரிசியைவிட மெதுவாகச் செரிக்கிறது. சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக வையுங்கள். ஒரு முட்டை வைத்தால் ஆறு கிராம் புரதம், முதுகெலும்புக் கோழியைவிட மேல். கீரை வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும், ஆனால் அது வேன் மதியத்துக்கு வந்த பிறகு பேச வேண்டியது. பழம் என்றால் வாழைப்பழம் போதும், வெயிலில் தொங்கினாலும் ஒன்றும் ஆகாது. எண்ணெய்யைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்புறம், பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தைத் தமிழிலும் வங்காளத்திலும் பெரிய எண்ணில் எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்புப் பொட்டலம் பிரிக்கும் வங்காளத் தம்பிக்கும் இதே வயிறுதான்.

பணம். மாதம் 120, 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று மூன்று வேளைக்கு வாங்குகிறீர்கள். நாளைக்கு நான்கு, ஐந்து வெள்ளி. உணவங்காடியில் ஒரு தட்டு கோழிச்சோறு வாங்கும் காசில் மூன்று வேளை சமைத்து, மடித்து, வேனில் ஏற்றி அனுப்புகிறீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த விலையில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம் என்று உங்களில் சிலர் சொல்வது உண்மையும்கூட. மதியத்துக்கு வேன் வந்தால் மாதம் முப்பது வெள்ளி கூடும் என்று வைத்துக்கொள்வோம். ஊழியரிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். முப்பது வெள்ளி என்றால் ஊருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். புதிதாக வந்தவர் ஏஜென்ட் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். தன் வயிற்றில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவரிடம் போய் ‘உன் ஆரோக்கியத்துக்கு நீ செலவு செய்’ என்பது பேச்சே இல்லை.

ஆகவே நகல் வாங்கிய முதலாளிமார்களே, அந்த முப்பது வெள்ளி உங்களுடையது. ஒரு வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு மாதாமாதம் நீங்கள் அரசுக்குக் கட்டும் லெவி எத்தனை நூறு வெள்ளி என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். வாந்தி எடுத்து அரை நாள் படுத்த ஆள், டாக்டரிடம் போய் வந்த லாரி, நின்ற வேலை, இவற்றின் கணக்கை என் மாத அறிக்கையில் எழுதித் தருகிறேன், மனமிருந்தால் படியுங்கள். தீபாவளிக்கு நீங்கள் போடும் பிரியாணிக்கு நன்றி. அதில் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கேட்டரிங் உரிமையாளர்களிடம் இன்னும் ஒன்று. உங்கள் ஒப்பந்தம் கம்பெனி ஆபீசோடு, சாப்பிடுகிறவர் அதில் எங்கும் இல்லை. சில விடுதிகளில் குறிப்பிட்ட கேட்டரிங் மட்டும்தான் உள்ளே வரலாம் என்பதால் மாற்றவும் வழியில்லை. மாதத்துக்கு ஒருமுறை, மெனு போடுவதற்கு முன், சாப்பிடுகிற நான்கு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. பாகற்காய் யாருக்கும் பிடிக்காது, நீங்கள் அனுப்பும் ரசம் எல்லோருக்கும் பிடிக்கும் என்ற அளவு விஷயம்கூட இப்போது உங்கள் அடுப்படிக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு மாதம் முயன்று பார்க்க யாராவது தயார் என்றால் எங்கள் தளத்தில் ஆரம்பிக்கலாம். பக்கத்துத் தளங்களின் பாதுகாப்பு ஆட்களிடமும் பேசிவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். வேன் நிறுத்த கேட்டுக்கு உள்ளேயே இடம், டிரைவருக்கு அனுமதி அட்டை, பொட்டலம் இறக்கி வைக்கக் கூரை போட்ட மேசை, கை கழுவத் தண்ணீர், எல்லாம் என் பொறுப்பு. பதினொன்றே முக்காலுக்கு வந்தால் போதும். வெள்ளிக்கிழமை சைவம் கேட்பவர்கள் அதிகம், அந்த எண்ணிக்கையை மட்டும் வியாழன் மாலையே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தளப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
சிங்கப்பூர்